யூனிக்ஸில் ஆடியோ சிடியை ரிப் செய்வது: பிழையை மறைக்காத கருவிகள்

ஆடியோ சிடியில் இருக்கும் பாட்டைக் கணினி ஃபைலாக எடுப்பதைத்தான் ரிப் செய்வது என்கிறார்கள். சிடியை டிரைவில் போட்டதும் மவுண்ட் செய்து, உள்ளே இருக்கிற ஃபைல்களை காப்பி செய்துவிடலாம் என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். அது மவுண்ட் ஆகாது. லினக்ஸில் டிடி என்ற நகலெடுக்கும் கட்டளையால் இழுத்துப் பார்த்தாலும் பிழைச் செய்திதான் வரும். ஆடியோ சிடிக்குள் ஃபைல் சிஸ்டம் என்று எதுவுமே கிடையாது. பிலிப்ஸும் சோனியும் 1980இல் ரெட் புக் என்ற வரையறையை எழுதியது பாட்டு கேட்கும் பிளேயருக்காகத்தான், கணினிக்காக இல்லை. அதனால் இதற்கென்று தனிக் கருவி வேண்டும்.

எந்தக் கருவி என்று கேட்டால் எல்லோரும் வேகத்தையும் பட்டன்களையும்தான் பேசுகிறார்கள். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: படிக்க முடியாமல் போன இடத்தை இந்தக் கருவி என்னிடம் சொல்கிறதா, இல்லை அமுக்கிவிடுகிறதா? இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பல வருடங்களுக்கு முன் ஒரு பெட்டி நிறைய சிடிகளை அவசரமாக எம்பி3 ஆக்கிவிட்டு டிஸ்க்குகளைக் கொடுத்துவிட்டேன். அப்புறம் நல்ல ஹெட்போனில் கேட்கும்போது அங்கங்கே ‘டிக்’ என்று ஒரு சத்தம், ஓரிடத்தில் அரை வினாடி காணவில்லை. ரிப் செய்த அன்று எந்த எச்சரிக்கையும் வரவில்லை. திரும்ப எடுக்கலாம் என்றால் டிஸ்க் கையில் இல்லை.

ஏன் பிழை சத்தமில்லாமல் வருகிறது

இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் பின்னால் வரும் ஆப்ஷன்கள் எல்லாம் தானாகப் புரியும். சிடியில் ஒலி வினாடிக்கு 44,100 சாம்பிள், ஒவ்வொரு சாம்பிளும் 16 பிட், இடது வலது என இரண்டு சேனல். அது வினாடிக்கு 75 செக்டர்களாகப் பிரிந்திருக்கிறது, ஒரு செக்டரில் 2,352 பைட். டேட்டா சிடியிலும் செக்டரின் அளவு அதேதான், ஆனால் அதில் 2,048 பைட்தான் நம் டேட்டா. மீதி இடத்தில் அந்த செக்டரின் முகவரியும், பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கான கூடுதல் தகவலும் இருக்கும். ஆடியோ சிடியில் இந்த மேலடுக்கு கிடையாது, 2,352 பைட்டும் பாட்டுக்கே போய்விடுகிறது. அடிப்படையான பிழை திருத்தம் ஆடியோவிலும் உண்டு. அதையும் மீறிய கீறல் என்றால், டிரைவ் ஏதோ ஒரு மதிப்பைக் கொடுத்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லிவிட வாய்ப்பு இருக்கிறது.

இன்னொரு சிக்கல் முகவரி. ஆடியோ செக்டருக்குள் முகவரி இல்லாததால், அது பக்கத்தில் ஓடும் சப்சேனலில்தான் இருக்கிறது. படிப்பதை நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி அதே இடத்தில் தொடரச் சொன்னால், டிரைவ் சில சாம்பிள்கள் தள்ளித் தொடரலாம். ஒட்டுப்போட்ட இடத்தில் கொஞ்சம் திரும்ப வரும், இல்லை கொஞ்சம் காணாமல் போகும். ரிப்பிங் உலகத்தில் இதைத்தான் ஜிட்டர் என்கிறார்கள்.

சிடிபாரனோயா: இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்

திறந்த மூல ஒலி மென்பொருள்களை உருவாக்கும் ஸிஃப் அமைப்பின் கிறிஸ்டோபர் மான்ட்கோமெரி எழுதியது சிடிபாரனோயா. ஹைகோ ஐஸ்ஃபெல்ட் எழுதிய சிடிடிஏ2வேவ் என்ற பழைய கருவிக்குச் செய்த திருத்தங்களாகத் தொடங்கி, பிறகு தனி நிரலாக வளர்ந்தது. இது ஒன்றன்மேல் ஒன்று படியும்படி துண்டு துண்டாகப் படித்து, அந்தப் படியும் பகுதிகள் பொருந்துகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால் மட்டுமே தைக்கிறது. பொருந்தாவிட்டால் திரும்பப் போய்ப் படிக்கும். 10.2 பதிப்பு 2008இல் வந்தது, இன்றைக்கும் அதுவே போதுமானதாக இருக்கிறது. லிப்சிடிஐஓ திட்டத்தில் இதே நிரலை எடுத்து வளர்த்த இன்னொரு வடிவம் உண்டு. அதன் பெயரில் சிடிக்கும் பாரனோயாவுக்கும் நடுவே ஒரு ஹைஃபன் இருக்கும். ஆப்ஷன்கள் பெரும்பாலும் ஒன்றே.

முதலில் அனுமதி. லினக்ஸில் டிரைவின் பெயர் பெரும்பாலும் டெவ் டைரக்டரிக்குள் எஸ்ஆர்0, ஃப்ரீபிஎஸ்டியில் சிடி0. உங்கள் யூசர் கணக்கு டெபியன், உபுன்டுவில் சிடிராம் என்ற குழுவிலும், ஆர்ச்சில் ஆப்டிகல் என்ற குழுவிலும் இருக்க வேண்டும். குழுவில் சேர்த்த பிறகு ஒரு தடவை லாக்அவுட் செய்து உள்ளே வாருங்கள், இல்லாவிட்டால் சேர்த்தது வேலை செய்யாது. ரூட்டாக (நிர்வாகி கணக்கில்) ரிப் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. டிஸ்க் போட்டதும் டெஸ்க்டாப் தானாக ஏதாவது பிளேயரைத் திறந்தால் அதை மூடிவிடுங்கள், இரண்டு பேர் ஒரே டிரைவை இழுத்தால் வேலை கெடும்.

அப்புறம், ரிப் செய்வதற்கு முன் டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சிடிபாரனோயா என்று அடித்து, ஒரு ஹைஃபன் போட்டு, சின்ன வி, சின்ன எஸ், பெரிய கியூ மூன்றையும் சேர்த்து எழுதினால், டிராக் எண், நீளம், தொடங்கும் இடம் எல்லாம் ஒரு பட்டியலாக வரும். அதில் ‘பிரீ’ என்ற தலைப்பில் ஒரு பத்தி இருக்கும், பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அங்கே ‘யெஸ்’ என்று இருந்தால் அந்த டிராக் பிரீ-எம்ஃபசிஸ் செய்யப்பட்டது. ஆரம்பகால சிடிகள் சிலவற்றில் உயர் ஒலிகளைத் தூக்கிப் பதிந்து, பிளேயரில் அதைத் தாழ்த்திக் கொள்வார்கள். ரிப் செய்யும்போது அந்தத் தாழ்த்தல் நடக்காது, அதனால் பாட்டு காதைக் குத்தும். சாக்ஸ் என்ற கருவியில் டீஎம்ஃப் என்ற எஃபெக்ட் இதைச் சரிசெய்யும்.

இனி ரிப். காலியான ஒரு டைரக்டரிக்குள் போய், சிடிபாரனோயாவுடன் ஹைஃபனும் ‘பேட்ச்’ என்பதன் முதல் எழுத்தான பெரிய பி-யும் கொடுங்கள். ஒவ்வொரு டிராக்கும் தனி வேவ் ஃபைலாக வரும். ஒரு நிமிடத்துக்கு 1 கோடியே 5 லட்சத்துச் சொச்சம் பைட், 74 நிமிட டிஸ்க் முழுதாக இருந்தால் கிட்டத்தட்ட 78 கோடி பைட், அதற்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே டிராக் வேண்டுமென்றால் அதன் எண்ணைக் கொடுத்தால் போதும்.

ஓடும்போது திரையில் ஒரு முகம் தெரியும். :-) என்று சிரித்தால் நல்லது. :-| என்றால் ஜிட்டர் அதிகம், ஆனால் சமாளிக்கிறது. :-( என்று வந்தால் கீறலைப் பார்த்துவிட்டது. ;-( என்றால் அந்த இடத்தைத் திருத்த முடியாமல் கைவிட்டுவிட்டது. முகத்தைவிட அதன் பக்கத்தில் ஓடும் கோட்டைத்தான் நான் பார்ப்பேன். அதில் ஹைஃபனும் கூட்டல் குறியும் ஆச்சரியக் குறியும் வந்தால் கவலையில்லை, அவை எல்லாம் திருத்தப்பட்டவை. பெரிய வி எழுத்து வந்தால் மட்டும் அந்த டிராக்கில் திருத்தப்படாத பிழை இருக்கிறது. அந்த டிராக் எண்ணை உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

இயல்பாக, ஓரிடத்தில் 20 தடவை முயன்றும் முடியாவிட்டால் சிடிபாரனோயா அதைத் தாண்டிப் போய்விடும். தாண்டவே கூடாது என்றால் சின்ன இசட் கொடுக்கலாம், ஆனால் மோசமான கீறல் என்றால் அது மணிக்கணக்கில் அங்கேயே நிற்கும். எனக்குப் பிடித்தது பெரிய எக்ஸ்: தாண்ட வேண்டிய நிலை வந்தால் அந்த டிராக்கையே நிறுத்திவிடும், ஓட்டையான ஃபைலை நல்ல ஃபைல் என்று நம்பி வைத்திருக்க வாய்ப்பே இல்லை. பெரிய இசட் மட்டும் வேண்டாம். அது சரிபார்ப்பு முழுவதையும் அணைத்துவிடும், வேகமாக முடியும்தான், ஆனால் அப்புறம் இந்தக் கருவியைப் பயன்படுத்துவதில் அர்த்தமே இல்லை.

இன்னொரு விஷயம், டிரைவின் கேஷ். திரும்பப் படி என்று சொன்னால் சில டிரைவ்கள் டிஸ்க்கைத் தொடாமல் தங்கள் நினைவகத்தில் இருக்கும் பழைய விடையையே கொடுத்துவிடும், அப்படியானால் ஒப்பிடுவதில் பயனில்லை. உங்கள் டிரைவின் கேஷை சிடிபாரனோயா சரியாகக் கையாள்கிறதா என்று பார்க்க, ஒரு நல்ல டிஸ்க்கைப் போட்டுவிட்டு ஹைஃபனும் பெரிய ஏ-யும் கொடுங்கள். நேரம் எடுக்கும், ஒரு டிரைவுக்கு ஒரு தடவை செய்தால் போதும்.

முழு வேலையையும் செய்ய ஏபிசிடிஇ

வேவ் ஃபைல்களைக் கையால் சுருக்கி, பெயர் வைத்து, டேக் (ஃபைலுக்குள் எழுதும் பாட்டு, பாடகர் விவரம்) போடுவது இரண்டு டிஸ்க்குக்குச் சரி, இருநூறுக்கு முடியாது. அதற்குத்தான் ஏபிசிடிஇ. ஆங்கில அரிச்சுவடியின் முதல் ஐந்து எழுத்துகள்தான் கட்டளையே. இது ஒரு பெரிய ஷெல் ஸ்கிரிப்ட், படிக்கும் வேலையை சிடிபாரனோயாவிடமும், சுருக்கும் வேலையை ஃபிளாக் (தரம் இழக்காமல் சுருக்குவது), லேம் (எம்பி3 ஆக்குவது) போன்றவற்றிடமும் கொடுத்துவிட்டு, பெயர்களை நெட்டிலிருந்து எடுத்து அடுக்கி வைக்கும். பாதியில் நின்றாலும் பயமில்லை, அதே டிஸ்க்கைப் போட்டு மறுபடி ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

எதுவும் மாற்றாமல் ஓட்டினால் ஆக் வார்பிஸ் என்ற, எம்பி3 போலத் தரம் இழந்து சுருக்கும் ஃபார்மட்டில் சேமிக்கும். எனவே முதலில் கான்ஃபிக் ஃபைலை எட்சி டைரக்டரியிலிருந்து உங்கள் ஹோம் டைரக்டரிக்கு, பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்து, காப்பி செய்துகொள்ளுங்கள். நீளமான ஃபைல், எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். அவுட்புட் வகையை ஃபிளாக் என்று மாற்றுங்கள். பெயர் தேடும் முறையை மியூசிக்பிரெய்ன்ஸ் (ஆல்பம் விவரங்களின் இணையத் தரவுத்தளம்) என்று மாற்றுங்கள். டிராக் எண்ணுக்கு முன் பூஜ்யம் சேர்க்கும் வரியை இயக்குங்கள், இல்லையென்றால் 10ஆவது பாட்டு 2ஆவதற்கு முன்னால் வந்து நிற்கும். முடிந்ததும் டிஸ்க்கை வெளியே தள்ளும் வரியையும் இயக்கினால், அடுத்த அறையில் வேறு வேலை செய்துகொண்டே சத்தம் கேட்டதும் வந்து டிஸ்க்கை மாற்றலாம். ஃபைல் பெயர் அமைப்பில் இரண்டு வரிகள் உண்டு, ஒன்று ஒரே கலைஞரின் ஆல்பத்துக்கு, மற்றது டிராக்குக்கு டிராக் பாடுபவர் மாறும் தொகுப்புகளுக்கு. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மறந்தால் கலெக்ஷன் இரண்டு மாதிரியாகச் சிதறும்.

பழைய வழிகாட்டிகளைப் பார்த்து கான்ஃபிக் எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அவற்றில் இருக்கும் ஃப்ரீடிபி என்ற பெயர் தேடும் சேவை 2020இல் மூடப்பட்டுவிட்டது. அந்த வழியிலேயே போக வேண்டுமென்றால் அதே மாதிரியான க்னூடிபி இருக்கிறது, ஆனால் மியூசிக்பிரெய்ன்ஸ்தான் சுத்தமான தகவல் தரும். அதற்கு ஏபிசிடிஇ-க்கு இரண்டு பெர்ல் மாட்யூல்கள் தேவை, நிறுவும்போது பரிந்துரைக்கப்படும் பேக்கேஜ்களைத் தவிர்த்திருந்தால் அவை வந்திருக்காது. தேடல் தோற்றால் முதலில் அதைப் பாருங்கள்.

பெயர்களை ஏன் நெட்டில் தேட வேண்டும் என்று கேட்கலாம். பெரும்பாலான ஆடியோ சிடிகளில் பாட்டின் பெயரே இருப்பதில்லை. பெயர்களை டிஸ்க்கிலேயே பதியும் சிடி டெக்ஸ்ட் இருந்தால்தான் உண்டு. டிராக்குகள் எந்தெந்த இடத்தில் தொடங்குகின்றன என்ற பட்டியலிலிருந்து ஓர் அடையாளத்தைக் கணக்கிட்டு, அதை வைத்துத்தான் சர்வரில் தேடுகிறார்கள். ஃப்ரீடிபி வகைச் சேவைகளின் பழைய சிடிடிபி அடையாளம் வெறும் 32 பிட், அதனால் சம்பந்தமே இல்லாத இரண்டு டிஸ்க்குகளுக்கு ஒரே அடையாளம் வந்துவிடும். மியூசிக்பிரெய்ன்ஸ் அடையாளம் 28 எழுத்து நீளம், குழப்பம் மிகக் குறைவு, ஆனாலும் ஒரே ஆல்பத்தின் பல வெளியீடுகள் பட்டியலாக வரலாம். பொறுமையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஃபிளாக் டேக்குகள் எப்போதும் யூடிஎஃப்-8தான், எனவே பெயர்களைத் தமிழிலேயே எழுதி வைக்கலாம். டெர்மினலின் லோகேலும் (மொழி, எழுத்து அமைப்பு) யூடிஎஃப்-8ஆக இருந்தால் போதும். நிறைய டேக்குகளை மொத்தமாகத் திருத்த பிகார்டு என்ற நிரல் நல்லது.

எந்த ஃபார்மட்

ஃபிளாக். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. ஒரு பிட்கூட இழக்காமல், மூல அளவில் பெரும்பாலும் பாதி அல்லது அதற்குச் சற்று மேல் என்ற அளவுக்குச் சுருங்கும். போனுக்கு எம்பி3யோ ஓபஸோ வேண்டுமென்றால் ஃபிளாக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எம்பி3யிலிருந்து திரும்பிப் போக வழியில்லை. இரண்டுமே இப்போதே வேண்டுமென்றால், ஏபிசிடிஇ-யில் சின்ன ஓ ஆப்ஷனுக்குப் பின்னால் ஃபிளாக், எம்பி3 இரண்டையும் கமா போட்டு எழுதுங்கள், டிஸ்க்கை ஒரே தடவை படித்து இரண்டையும் தரும். சுருக்கும் நிலை 0 முதல் 8 வரை. 8 என்று வைத்தால் இயல்பான 5ஐவிடக் கொஞ்சம்தான் சிறிதாகும், ஒலியில் எந்த மாற்றமும் வராது. ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு இடைவெளியே இல்லாமல் போகும் கச்சேரிப் பதிவுகளுக்கும் ஃபிளாக் நல்லது. எம்பி3 என்கோடர் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு மௌனத்தைச் சேர்த்துவிடும், பிளேயர் அதைக் கவனித்து நீக்கினால்தான் தொடர்ச்சி கிடைக்கும்.

ஃபிளாக்கில் எனக்கு மிகவும் பிடித்தது, மூல ஒலியின் எம்டி5 மதிப்பு (ஒலியின் கைரேகை மாதிரியான எண்) ஃபைலுக்குள்ளேயே இருப்பது. டேக் மாற்றினாலும் அட்டைப்படம் சேர்த்தாலும் அது மாறாது. எனவே ஒரு டிராக்கை இரண்டு தடவை ரிப் செய்துவிட்டு மெட்டாஃபிளாக் கருவியால் இரண்டின் எம்டி5ஐயும் பாருங்கள், ஒன்றாக இருந்தால் ஒலி பிட்டுக்கு பிட் ஒன்றே.

விப்பர்: இன்னொருவரின் டிஸ்க்கோடு ஒப்பிடுவது

ஆனால் இந்த ஒப்பீட்டை வேறு டிரைவில் செய்தால் பெரும்பாலும் பொருந்தாது, நிறையப் பேர் இங்கேதான் பதறுகிறார்கள். ஒவ்வொரு டிரைவ் மாடலும் கேட்ட இடத்திலிருந்து சில சாம்பிள்கள் முன்னேயோ பின்னேயோ தள்ளித்தான் தொடங்கும். இதற்கு ரீட் ஆஃப்செட் என்று பெயர். 6, 102, 667 எல்லாம் அடிக்கடி பார்க்கும் எண்கள். 667 சாம்பிள் என்பது 15 மில்லி வினாடிதான், காதுக்குத் தெரியாது, ஆனால் எம்டி5 முழுதாக மாறிவிடும்.

இதைச் சரிசெய்து, உலகம் முழுக்க மற்றவர்கள் அதே ஆல்பத்தை ரிப் செய்தபோது கிடைத்த செக்சம்களோடு (சரிபார்ப்பு எண்களோடு) ஒப்பிடும் தரவுத்தளம் அக்யூரேட்ரிப். யூனிக்ஸில் அதைப் பயன்படுத்த நான் சொல்வது விப்பர். மோரிடுரி என்ற பழைய நிரலிலிருந்து பிரிந்து வந்தது, பைத்தானில் எழுதியது, உள்ளே படிப்பது அந்த ஹைஃபன் வைத்த சிடி-பாரனோயாதான். ஃபிளாக் மட்டுமே தரும்.

முதல் தடவை கொஞ்சம் பொறுமை வேண்டும். விப்பர் டிரைவ் அனலைஸ் என்று ஒரு தடவை ஓட்டினால் கேஷைச் சமாளிக்க முடியுமா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளும். அடுத்து, பரவலாக விற்ற ஏதாவது ஓர் ஆல்பத்தின் அசல் டிஸ்க்கைப் போட்டு, விப்பர் ஆஃப்செட் ஃபைண்ட் என்று ஓட்டுங்கள். டிஸ்க் தரவுத்தளத்தில் இருந்தால்தான் ஆஃப்செட் கிடைக்கும், எனவே யாரும் கேள்விப்படாத வெளியீட்டைப் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டும் முடிந்தால் இனி விப்பர் சிடி ரிப் மட்டும்தான். ஒவ்வொரு டிராக்கையும் இரண்டு தடவை படித்து, இரண்டின் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, அக்யூரேட்ரிப்போடும் ஒப்பிட்டு, எல்லாவற்றையும் ஒரு லாக் ஃபைலில் எழுதிவைக்கும். முதல் பாட்டுக்கு முன்னால் இருக்கும் இடைவெளியில் சில ஆல்பங்களில் ஒரு பாட்டை ஒளித்து வைத்திருப்பார்கள், அதையும் கண்டுபிடித்து எடுத்துத் தரும். டிராக்குகளின் வரிசையையும் தொடங்கும் இடத்தையும் சொல்லும் கியூ ஃபைலும் வரும்.

லாகில் டிராக் தரவுத்தளத்தோடு பொருந்தியது என்று வந்தால் அந்த டிஸ்க்கைப் பற்றி இனி நினைக்கவே வேண்டாம். பொருந்தவில்லை என்று வந்தாலும் உடனே கெட்டது என்று முடிவுகட்டாதீர்கள், உங்களுடையது வேறு அச்சாக, அதாவது அதே ஆல்பத்தை வேறொரு தடவை தயாரித்த டிஸ்க்காக, இருக்கலாம். எல்லா டிராக்கும் பொருந்தாமல், இரண்டு தடவைப் படிப்பும் ஒத்துப்போனால் பெரும்பாலும் அச்சு வேறு. மற்றவை பொருந்தி ஒன்று மட்டும் பொருந்தாவிட்டால் அந்த இடத்தில் கீறல் இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

சின்ன, வேகமான நிரல் வேண்டுமென்றால் சயன்ரிப் பாருங்கள், சியில் எழுதியது, எஃப்எஃப்எம்பெக்கைப் பயன்படுத்துவதால் பல ஃபார்மட்களில் எழுதும். டெர்மினலே வேண்டாம் என்பவர்களுக்கு அசண்டர், சவுண்ட் ஜூஸர், கேடிஇயில் கே3பி இருக்கின்றன, எப்போதாவது ஒரு டிஸ்க் என்றால் அவை போதும். மேக்கில் எக்ஸ்எல்டி அக்யூரேட்ரிப்போடு நன்றாக வேலை செய்யும். ஓபன்பிஎஸ்டியில் எதுவுமே நிறுவாமல், கூடவே வரும் சிடிஐஓ கருவியில் சிடிரிப் என்ற கட்டளை உண்டு.

அடம் பிடிக்கும் டிஸ்க்

முதலில் துடையுங்கள். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராக, வட்டமாக இல்லை. டேட்டா வட்டப்பாதையில் ஓடுவதால், வட்டமாகத் துடைத்து விழும் கீறல் தொடர்ச்சியாக ஒரே இடத்தை அழிக்கும். குறுக்கே விழும் கீறலைப் பிழைத் திருத்தம் தாங்கிவிடும். பளபளக்கும் பக்கம் 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட், அதில் கீறல் இருந்தால் மெருகேற்றிக்கூட மீட்கலாம். ஆனால் பிரதிபலிக்கும் படலம் லேபிள் பக்கத்தில் மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது, அந்தப் பக்கம் கீறினால் டேட்டாவே போய்விடும். லேபிள் பக்கத்தைத்தான் அதிகம் காப்பாற்ற வேண்டும்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். சிடிபாரனோயாவில் பெரிய எஸ் கொடுத்து 4 அல்லது 8 என்று எழுதலாம். எல்லா டிரைவும் கேட்காது, கேட்கும் டிரைவில் சில நேரம் நல்ல பலன் உண்டு. அப்படியும் முடியாவிட்டால் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள், ஒரு டிரைவ் திணறும் இடத்தை இன்னொன்று சாதாரணமாகப் படித்துவிடும். இரண்டு டிரைவ் கையில் இருப்பது எந்த மென்பொருளையும்விடப் பெரிய உதவி, யூஎஸ்பியில் மாட்டும் சாதாரண டிவிடி டிரைவே போதும்.

எல்லாம் ரிப் ஆன பிறகு, லாகையும் கியூவையும் அந்தந்த ஆல்பத்தின் டைரக்டரியிலேயே விட்டுவையுங்கள், அழிக்காதீர்கள். கலெக்ஷனை வேறு ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றும்போதெல்லாம் ஃபைண்ட் கட்டளையால் எல்லா ஃபிளாக் ஃபைல்களையும் எடுத்து, ஃபிளாக்கின் டெஸ்ட் ஆப்ஷனில் ஒரு தடவை ஓட்டுங்கள். உள்ளே இருக்கும் எம்டி5ஓடு ஒவ்வொன்றையும் சரிபார்த்து, கெட்டுப்போன ஃபைலின் பெயரைச் சொல்லும். அது முடியும் வரை பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்க வேண்டாம்.